புதுப்பிப்பு: பாட்டியின் பித்தளை ஜாடியைத் தேய்க்கவில்லை

பாட்டி வீட்டுச் சாமான்களின் நினைவில் தொடங்கியது என் பழம்பொருள் அலங்காரக் கடை. அங்கே வரும் பித்தளையைப் பளபளப்பாக்கி விற்பதா, அப்படியே வைப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் 'தொடாதே' என்றீர்கள். கேட்டுக்கொண்டேன்.

செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம் காற்றுபட்டு மெல்ல மெல்லக் கறுக்கும். அந்தப் படலம்தான் அதன் வயது. அழுத்தித் தேய்த்தால் நுண்ணிய வேலைப்பாடும் சேர்ந்து மழுங்கிவிடும். இப்போது மெல்லிய துணியால் தூசி மட்டும் துடைக்கிறேன். வாங்குமுன் காந்தம் வைத்துப் பார்க்கிறேன். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். இதைச் சொல்லித் தந்தவருக்குக் கோடி நன்றி, இரண்டு முறை தப்பித்தேன்.

அடிபட்டது மரப்பெட்டியில்தான். சின்னத் துளைகள், பழசு என்று விட்டுவிட்டேன். சில நாளில் அடியில் மாவு போலப் புதுத்தூள். உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது! பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர் பார்த்த பிறகே கடைக்குள் வரும்.

100 ஆண்டு தாண்டாததை 'ஆன்டிக்' என்று எழுதுவதையும் நிறுத்தியாயிற்று. 'விண்டேஜ்' போதும்.

பாட்டியின் ஜாடி விற்பனைக்கு இல்லை. கல்லாப்பெட்டி பக்கத்தில், கறுத்த நிறத்தோடே இருக்கிறது.