உயர் இரத்த அழுத்தமும் நுண் இரத்தக் குழாய்களும்: விளக்கம் வேண்டுகிறேன்

குழுவிலுள்ள மருத்துவர்களுக்கும் உடலியங்கியல் பயில்வோருக்கும் வணக்கம். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் நகத்தை ஒட்டிய தோலை நுண்ணோக்கியில் பார்த்தால், கொண்டை ஊசிபோல் வளைந்திருக்கும் தந்துகிகள் எனும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் இயல்பைவிடக் குறைவாகவே தென்படுகின்றன. அழுத்தம் இன்னும் உயராத, ஆனால் பெற்றோருக்கு அந்நோய் உள்ள இளைஞர்களிடமும் இக்குறைவு காணப்பட்டிருப்பதால், உயர் அழுத்தம், தந்துகிக் குறைவு ஆகிய இவற்றுள் எது காரணம், எது விளைவு என்பதே என் ஐயம்.

புற்றுநோய்க்குத் தரப்படும் பெவாசிசுமாப், புதிய குழாய்களை வளர்க்கும் விஇஜிஎஃப் புரதத்தைத் தடுக்கும்போது பலருக்கு அழுத்தம் ஏறுவதைப் பார்த்தால், குழாய்க் குறைவே முந்தியது என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் அம்மருந்து குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடையும் குறைப்பதால், அதை மட்டும் வைத்து முடிவுகட்ட இயலவில்லை.

ஏசிஇ (குழாய்களைச் சுருக்கும் வேதிப்பொருளை உருவாக்கும் நொதி) தடுப்பு மருந்துகளால் அழுத்தம் கட்டுக்குள் வந்தபின், இழந்த தந்துகிகள் மனிதரில் மீண்டும் வளர்கின்றனவா? என் தந்தையார் நெடுங்காலமாக அம்மருந்தை உட்கொள்பவர். ஆகவே, அறிந்தவர்கள் சற்று விரிவாகவே விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.