தேசவழமைச் சட்டம் மலையகத்துக்கும் செல்லுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணாமார் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம், நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம். அப்பா தவறி ஆறு மாசமாச்சு, உயில் எதுவும் எழுதல, டவுன்ல அவர் பேர்ல உறுதிப் பத்திரத்தோட 8 பேர்ச் காணியும் வீடும் இருக்கு. சித்தப்பா வந்து நாம தமிழாக்கள் நமக்கு தேசவழமைதான், சீதனம் வாங்கிட்டுப் போன அக்காவுக்கு பங்கு இல்லங்கிறார். அக்கா அழுதுட்டே இருக்கு, பாக்கவே முடியல.

நான் தேடிப் படிச்ச வரைக்கும் தேசவழமை 1707ல டச்சுக்காரங்க காலத்துல எழுதி வச்சது, வடக்கு தமிழாக்களுக்கு உள்ளது, கண்டிச் சட்டம் கண்டிச் சிங்கள ஆக்களுக்கு, அப்ப நமக்கு பொதுச் சட்டந்தானே, அதாவது ரோமன் டச்சு சட்டமும் அதுக்கு மேல இங்கிலீஷ்காரன் போட்ட 1876 கட்டளைச் சட்டமும், அதுப்படி பாதி அம்மாவுக்கு, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பாக்காம சரிசமம்.

மேல் கோர்ட் தீர்ப்ப கீழ் கோர்ட் கேக்கணுங்கிற வழக்கமும் வெள்ளைக்காரன் கொண்டாந்ததுதான், அதனால மலையக ஆக்களோட காணி வழக்குல வந்த பழைய தீர்ப்பு ஏதாச்சும் இருந்தா சித்தப்பாகிட்ட காட்டலாம். லோயர்மார் யாராவது இருந்தா சொல்லுங்க, தமிழ்ல இருந்தா ரொம்ப உதவி, அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டணும்.