தேங்க்ஸ்கிவிங்குக்கு ஸ்குவாஷ்: ஓவனில் நிறமே மாறவில்லை, வியாழனுக்குள் உதவி வேண்டும்

தாமரை_இலை (செவ்வாய், இரவு 9:40)
அவசரம். வியாழக்கிழமை பக்கத்து வீட்டில் தேங்க்ஸ்கிவிங் (நன்றி சொல்லும் பண்டிகை) விருந்து, 16 பேர். ஸ்குவாஷ் நான் செய்து கொண்டு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். இன்றைக்குச் செய்து பார்த்தால் ஒன்றும் சரியாக வரவில்லை. ஓவனில் 200ல் ஒரு மணி நேரம் வைத்தேன். நிறம் மாறவே இல்லை. துண்டெல்லாம் வேர்த்துப்போய்க் கிடக்கிறது, கடித்தால் நடுவில் நறுக்கென்று பச்சையாக இருக்கிறது. வீடியோவில் அந்த அம்மா அதே 200ல் 35 நிமிடத்தில் பொன்னிறமாக எடுக்கிறார். எல்லாம் அவர் சொன்னபடிதான் செய்தேன். எங்கே தப்பு?

கீழவீதி
ஸ்குவாஷ் என்று பொதுவாகச் சொன்னால் எப்படிம்மா? ஜூகினியும் ஸ்குவாஷ்தான், அது பிஞ்சிலேயே பறிக்கிற கோடைக்காய், சூடு பட்டதும் தண்ணீர் விடும். உங்களுடையது தோல் கெட்டியான குளிர்காலக் காயா? புதிதாக நறுக்கியதா, பாக்கெட்டில் வந்ததா? ஒரு படம் போடுங்கள்.

தாமரை_இலை
பட்டர்நட். முழுக் காய் வாங்கி நான்தான் நறுக்கினேன்.

பனிக்கட்டி_77
இன்னும் நிறையச் சொல்ல வேண்டும். துண்டு எவ்வளவு பெரிது? எண்ணெய் எவ்வளவு? நறுக்கிய பிறகு கழுவினீர்களா? நம்மில் பலருக்கு நறுக்கிய காயைத் தண்ணீரில் அலசும் பழக்கம் உண்டு. பொரியலுக்குச் சரி, ரோஸ்டுக்கு அதுதான் எமன். எனக்கு முதல் முறை அப்படித்தான் ஆனது. காயை முழுதாகக் கழுவித் துடைத்துவிட்டுப் பிறகு நறுக்க வேண்டும்.

அடுப்படி_ஆசான்
இந்தக் கேள்வி ஒவ்வொரு நவம்பரிலும் இங்கே வருகிறது, நானும் அதே பதிலைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் தேடிப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும். சரி, மறுபடி சொல்கிறேன். தட்டில் அள்ளிக் கொட்டியிருப்பீர்கள். பட்டர்நட் நூறு கிராமில் 86 கிராம் தண்ணீர். சூட்டில் அது ஆவியாக வெளியே வரும். துண்டுக்கும் துண்டுக்கும் இடைவெளி இருந்தால் ஆவி மேலே போய்விடும். நெருக்கி வைத்தால் ஒன்றின் ஆவியில் இன்னொன்று வேகும். ஈரம் இருக்கிறவரை காயின் மேல்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பொன்னிறம் பிடிக்க அது 140க்கு மேல் போக வேண்டும். ஆகவே நீங்கள் செய்தது ரோஸ்ட் இல்லை, ஆவியில் அவித்திருக்கிறீர்கள். அடிப்படை தெரியாமல் வீடியோவைப் பார்த்துச் செய்தால் இப்படித்தான் ஆகும்.

தாமரை_இலை
சோதனைக்குப் பாதிக் காய்தான் போட்டேன். பெரிய தட்டு. துண்டுகளுக்கு நடுவே விரல் போகிற இடம் இருந்தது. கழுவவில்லை.

இன்னொன்று. தோல் சீவின பிறகு இரண்டு கையிலும் ஏதோ பசை காய்ந்த மாதிரி தோல் இழுக்கிறது, சோப்பு போட்டும் போகவில்லை. காய் கெட்டுப்போனதா?

பவானி_ஆறு
பயப்படாதீங்க. காய் நல்ல காய்தான். பட்டர்நட்டைச் சீவும்போது வெட்டுவாயில் முத்து முத்தாக ஒரு பால் வரும், பார்த்திருப்பீர்கள். அது கையில் பட்டுக் காய்ந்தால் பெவிகால் தடவின மாதிரி இறுகிவிடும். சிலருக்குத் தோல்கூட உரியும். வாழைக்காய் நறுக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிற மாதிரி நான் இதற்கும் தடவிக்கொள்வேன். கையுறை இருந்தால் இன்னும் நல்லது. சீவுகிற வேலை கடினமாக இருந்தால் காயை நாலு இடத்தில் முள்கரண்டியால் குத்தி மைக்ரோவேவில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். தோல் கொஞ்சம் இளகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நறுக்கினதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் யோசிக்காமல் முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். இந்தக் குடும்பத்துக் காய்களில் எப்போதாவது ஒன்றில் கசப்பு நஞ்சு ஏறியிருக்கும், சமைத்தாலும் போகாது.

உப்பு_ஜாடி
எல்லோரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். உப்பை எப்போது போட்டீர்கள்? உப்பு போட்டுப் பிசறி வைத்தால் காய் தண்ணீர் விட்டுக்கொள்ளும். வாழைப்பூவானாலும் வெண்டைக்காயானாலும் எங்கள் வீட்டில் உப்பு கடைசியில்தான்.

கபோச்சா_ரசிகை
என்னைக் கேட்டால் பட்டர்நட்டையே விட்டுவிடுங்கள். கபோச்சா என்று பச்சைத் தோலில் குட்டையாக ஒரு காய் கிடைக்கும், கொரியக் கடைகளில் நிச்சயம் இருக்கும். ஈரம் குறைவு. வெந்தால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி மாவாக இருக்கும். தோலையும் சாப்பிடலாம், சீவுகிற வேலையே இல்லை. நான் ஐந்து வருடமாக இதைத்தான் கொண்டுபோகிறேன்.

கீழவீதி
எதுவானாலும் நம்ம பரங்கிக்காய் ஜாதிதானே. கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்துக் கொஞ்சம் வெல்லம், தேங்காய்த் துருவல் போட்டு இறக்கினால் பத்து நிமிட வேலை. ஓவனும் வேண்டாம், இந்தப் பாடும் வேண்டாம்.

பவானி_ஆறு
பரங்கிக்காயா? எங்கள் ஈரோட்டுப் பக்கம் அது அரசாணிக்காய். பொரியல் யோசனை நல்லதுதான். ஆனால் அவர் ரோஸ்ட் கேட்கிறார்.

வைகைக்கரை
மதுரையில் மஞ்சள் பூசணி என்போம். மார்கழிக் கோலத்தில் சாண உருண்டை மேல் வைப்பதையும் பூசணிப்பூ என்றுதானே சொல்கிறோம்? பரங்கிப்பூ என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அடுப்படி_ஆசான்
முதலில் எழுத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். வல்லின றகரம் போட்டுப் பறங்கிக்காய். பறங்கியர் வழியாக வந்த காய், அதனால் அந்தப் பெயர். பூசணி என்பது வெள்ளைப் பூசணி, ஆசியாவிலேயே பழைய காய், அது வேறு இனம். மஞ்சளைப் பூசணி என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்ட வழக்கம். இரண்டையும் குழப்பக்கூடாது.

யாழ்_அடுக்களை
ஆசான் அண்ணா, எங்களுக்குப் பூசணி எண்டாலே மஞ்சள்தான். வெள்ளையை நீத்துப்பூசணி எண்டு சொல்லுவம். அது குழப்பமில்லை, எங்கட ஊர்ப் பேச்சு. ஒரு ஊர்ச் சொல்லை வைத்து மற்ற ஊரைப் பிழை எண்டு சொல்ல ஏலாது.

அடுப்படி_ஆசான்
பேச்சு வேறு, தாவரவியல் வேறு. நான் சொன்னது இரண்டாவது. பட்டர்நட்டும் நம் பறங்கியும் பெரும்பாலும் ஒரே இனம், மொஸ்காட்டா. கபோச்சா மாக்சிமா. ஏகார்ன் ஸ்குவாஷ் பெப்போ. மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தவை.

வைகைக்கரை
தாவரவியலை வைத்துக்கொண்டா என் பாட்டி சந்தைக்குப் போனாள்? அவள் பூசணி என்று கேட்டாள், கடைக்காரர் மஞ்சளா வெள்ளையா என்று கேட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான். ஊர்ப்பெயர்களைத் தப்பு என்று தள்ளினால் அரசாணி மாதிரி அழகான சொற்கள் காணாமல் போய்விடும்.

பவானி_ஆறு
பெயர் என்று வந்ததால் சொல்கிறேன். ஸ்குவாஷ் என்ற சொல்லே ஆங்கிலேயர்களுடையது இல்லை. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் பக்கத்து நாராகன்செட் பழங்குடி மொழியில் இருந்து எடுத்தது. சோளம், பீன்ஸ், ஸ்குவாஷ் மூன்றையும் ஒரே குழியில் நட்டு மூன்று சகோதரிகள் என்பார்கள். பீன்ஸ் சோளத்தட்டில் ஏறும், ஸ்குவாஷ் இலை நிலத்தை மூடிக் களை வராமல் பார்த்துக்கொள்ளும். அந்த ஊர்ப் பண்டிகையில் இந்தக் காய் இருப்பது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

ஓடைமரம் (புதன், காலை 6:15)
இவ்வளவு பேசிவிட்டோம், ஒன்றை யாரும் கேட்கவில்லையே. தாமரை, நீங்கள் இருப்பது அமெரிக்காவிலா? அந்த வீடியோ அம்மா எங்கே இருக்கிறார்? 200 என்பது எந்த அளவு?

அமெரிக்க ஓவன் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். 200 ஃபாரன்ஹீட் என்றால் 93 செல்சியஸ்தான். தண்ணீர் கொதிக்கிற சூடுகூட இல்லை. அதில் இரண்டு மணி நேரம் வைத்தாலும் சிவக்காது. நீங்கள் சொல்கிற எல்லாக் குறியும் இதற்குப் பொருந்துகிறது. நிறம் இல்லை, வேர்வை இருக்கிறது, நடு வேகவில்லை. அவருடைய 200 செல்சியஸ் உங்கள் ஓவனில் ஏறக்குறைய 400. நானாக இருந்தால் 425 வைப்பேன்.

தாமரை_இலை
நியூஜெர்சி. அவர் சென்னை. ஓவனில் 200 பக்கத்திலேயே சின்னதாக எஃப் என்று இருக்கிறது. இப்போதுதான் பார்க்கிறேன்.

பனிக்கட்டி_77
அப்போ அதுதான்! கழுவாமல் இருந்தது நல்லது, அந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

அடுப்படி_ஆசான்
சூடு ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 16 பேருக்கு ஒரே தட்டில் போட்டால் 425லும் அவியல்தான் ஆகும், அதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

ஓடைமரம்
அது உண்மைதான். தாமரை, நாளைக்கு இப்படிச் செய்யுங்கள். பக்கத்தில் வேறு பத்து வகை இருக்கும், ஆகவே ஆளுக்கு 150 கிராம் கணக்கு வைத்தால் தாராளம். ஒன்றரைக் கிலோவில் இரண்டு காய் போதும். ஒரு அங்குலத் துண்டு. சின்னதும் பெரிதுமாக இருந்தால் சின்னது கருகும், பெரிதில் பச்சை வாடை நிற்கும். அகலத் தட்டு இரண்டு எடுத்து வெறுமனே ஓவனில் வைத்துச் சூடேற்றுங்கள். துண்டுகளை எண்ணெயிலும் உப்பிலும் பிசறி (உப்பு_ஜாடி கோபித்துக்கொள்ள வேண்டாம், உடனே ஓவனுக்குப் போனால் தண்ணீர் விட நேரம் இல்லை) சூடான தட்டில் கொட்டும்போது சுர்ரென்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வந்தால் பாதி வெற்றி. 20 நிமிடம் தொடாதீர்கள். அப்புறம் அடிப்பக்கம் சிவந்த துண்டுகளைத் திருப்பிவிட்டு, மேல்தட்டைக் கீழேயும் கீழ்த்தட்டை மேலேயும் மாற்றுங்கள். இன்னும் 15 நிமிடம். மேப்பிள் சிரப் ஊற்றுவதென்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும். முதலிலேயே ஊற்றினால் சர்க்கரை கருகிக் கசக்கும்.

தாமரை_இலை
இரவே செய்து வைத்து எடுத்துப்போகலாமா? அவர்கள் ஓவனில் வான்கோழி இருக்கும்.

கபோச்சா_ரசிகை
செய்த சூட்டோடு அலுமினியத் தாளால் மூடாதீர்கள், அதைவிட முக்கியம் வேறு எதுவும் இல்லை. மூடினால் ஆவி உள்ளேயே சுற்றி பத்து நிமிடத்தில் குழைந்துவிடும். கபோச்சா என்றாலும் இதே கதைதான்.

ஓடைமரம்
இன்று இரவு சீவி நறுக்கி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். நாளைக்குக் கிளம்பும் முன் முக்கால் பதம் ரோஸ்ட் செய்து, ஆறவிட்டுத் தட்டோடு எடுத்துப்போங்கள். பக்கத்து வீடுதானே. வான்கோழியை ஓவனில் இருந்து எடுத்ததும் வெட்ட மாட்டார்கள், அரை மணி நேரமாவது அப்படியே வைப்பார்கள். அந்த இடைவெளிதான் உங்களுடையது. வீட்டுக்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு 425ல் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு எடுங்கள்.

கீழவீதி
மேலே கொஞ்சம் கறிவேப்பிலையை நெய்யில் பொரித்துத் தூவுங்கள். அங்கே சேஜ் இலையைத்தான் வெண்ணெயில் பொரித்துப் போடுவார்களாம். அதே வேலையை நம் இலை இன்னும் நன்றாகச் செய்யும்.

வைகைக்கரை
அவர்கள் பண்டிகைக்கு அவர்கள் முறையில் செய்வதுதான் மரியாதை. கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்கினால் மனசு கஷ்டப்படும்.

கீழவீதி
விருந்துக்கு நம் கைமணத்தோடு ஒன்று கொண்டுபோவதும் மரியாதைதான். வெறும் சிரப் காயை அவர்களே செய்துகொள்வார்களே.

யாழ்_அடுக்களை
தாமரை அக்கா, நீங்கள் சைவம் எண்டால் ஒன்று சொல்லுறன். அங்கே சர்க்கரைவள்ளிக் கிழங்கின்மேல் மார்ஷ்மெலோ உருக்கி வைத்திருப்பினம். வழக்கமான மார்ஷ்மெலோவில் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டிலோ பன்றியிலோ எடுக்கிறது. வான்கோழியோட வைக்கிற ரொட்டிக் கலவை, அந்த ஸ்டஃபிங்கிலும் கோழி ரசம் விடுறவை. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கோ. நீங்கள் பெக்கான் பருப்புப் போடுறதெண்டால் அலர்ஜி ஆருக்கும் இருக்கோ எண்டும் கேட்டுவையுங்கோ.

அடுப்படி_ஆசான்
இதையெல்லாம் தொகுத்துத் தனி இழையாக மேலே நிறுத்தி வைக்கும்படி பல வருடமாகச் சொல்கிறேன்.

பவானி_ஆறு (வியாழன், இரவு)
தாமரை, என்ன ஆச்சு?

வைகைக்கரை (வெள்ளி, காலை)
ஆளைக் காணோமே.

தாமரை_இலை (சனி)
நன்றாக வந்தது. 425, இரண்டு தட்டு. சுர்ரென்று சத்தம் வந்தது. கீழ்த்தட்டில் ஓரத்துண்டுகள் கொஞ்சம் கருகின, மீதி எல்லாம் பொன்னிறம். வான்கோழி எடுத்த இடைவெளியில் வைத்ததுதான் பெரிய உதவி. கறிவேப்பிலை பாதித் தட்டுக்கு மட்டும் போட்டேன். எல்லோருக்கும் நன்றி, ஓடைமரத்துக்குத் தனியாக.

கீழவீதி
எந்தப் பாதி முதலில் காலியானது?

பவானி_ஆறு
விதையை எறிந்துவிட்டீர்களா? அடுத்த முறை நார் போகக் கழுவி, துணியில் பரப்பி உலரவிட்டு, உப்புத் தண்ணீர் தெளித்து வறுத்துப் பாருங்கள். அரசாணி விதையை விடச் சின்னது, தோலோடு மெல்லலாம்.

கீழவீதி (திங்கள்)
தாமரை, எந்தப் பாதி என்று சொல்லவில்லையே?