ரிட்டயர் ஆகும் முன்பே வேலையைக் குறைத்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

பம்ப்செட் கோவை
58க்கு இரண்டு வருடம் இருக்கும்போது, முழங்கால் வலி தாங்காமல், மதியம் வரை மட்டும் வருகிறேன் என்று முதலாளியிடம் கேட்டேன். பாதிச் சம்பளம். வீட்டுக் கடன் அடைத்தாயிற்று, மகள் கல்யாணமும் முடிந்தது, போதும் என்றுதான் நினைத்தேன். கடைசி நாள் அக்கவுண்ட்ஸ் தம்பி கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடை, 3,23,077. 28 வருட சர்வீஸுக்கு! பழைய 40,000 அடிப்படைச் சம்பளத்தில் போட்டிருந்தால் 6,46,154. கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் கிராஜுவிட்டி போடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. யாரும் படிப்படியாகக் குறைக்காதீர்கள்.

ஓசூர்க்காரன்
அண்ணே, வருத்தம் புரிகிறது. ஆனால் கடைசி வரியை ஏற்க மாட்டேன். குறைத்தது தப்பில்லை, எதை முதலில் செய்வது என்பதில்தான் தப்பு. நான் 58இல் கணக்கை முழுசாக முடித்துவிட்டு, அப்புறம் அதே ஆலைக்கு ஒப்பந்தத்தில் வாரம் மூன்று நாள் போனேன். முதல் செவ்வாய்க்கிழமை, எனக்கு லீவு என்பதே மறந்து, டிபன் பாக்ஸோடு வாசலில் நின்றேன். வீட்டுக்காரி வந்து பையை வாங்கி உள்ளே வைத்தாள்.

இனி ஓய்வுபெறப் போகிறவர்கள் கவனியுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 60 ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 55 தாண்டி ஓய்வுபெற்றவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதைப் போடலாம். உச்சவரம்பு 30 லட்சம். நான் 15 லட்சம் போட்டபோது 8.2 சதவீதம்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 வருகிறது. ஒப்பந்தச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை பிஎஃப் பென்ஷனைத் தள்ளிவையுங்கள். 58க்கு மேல் 60 வரை, வருடத்துக்கு 4 சதவீதம் கூடும். 58க்கு முன்பே வாங்கினால் ஒவ்வொரு வருடத்துக்கும் அதே 4 சதவீதம் குறையும்.

மதுரை அக்கா
கிராஜுவிட்டி, பிஎஃப் இருப்பவர்களாகவே பேசுகிறீர்கள். ஏழு பேர் வேலைபார்த்த ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினேன், எனக்கு இரண்டும் கிடையாது. சீட்டுக் கட்டிச் சேர்த்த 10 லட்சத்தை 60 வயதில் போஸ்ட் ஆபீசில் அதே மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டேன். முழு மூன்று மாத வட்டி விழுந்த அன்று பாஸ்புக்கில் 20,500. கவுண்டர் ஓரமாக நின்று மூன்று தடவை படித்தேன். சாயங்காலமே கடையில் சொல்லிவிட்டேன், இனி ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் மட்டும் வருகிறேன் என்று.

கோவை அண்ணே, அந்தப் பணத்தை எங்கே போட்டீர்கள்? மூன்று மாதம் தாண்டவில்லை என்றால் நாளைக்கே போங்கள்.