சட்டப் படிப்பு முடிந்தது: எல்எல்எம் சேர்வதா, குழித்துறையில் ஜூனியராகச் சேர்வதா?

கேள்வி: மேல்புறம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பை இந்த ஆண்டு முடித்திருக்கிறேன். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். மழை பிடித்துக்கொண்டால் வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் நீதிமன்றப் பக்கம் போனதில்லை. உரிமையியல் நீதிபதி ஆக வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் அந்தத் தேர்வை எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்துவிட்டது. இந்த இடைவெளியில் எல்எல்எம் என்னும் முதுநிலைச் சட்டப் படிப்பை முடிப்பதா, எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறையில் ஒரு சீனியரிடம் சேர்வதா, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போவதா என்று தெரியவில்லை. வீட்டுக்கும் மாதந்தோறும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். வழி சொல்லுங்கள்.

பதில்: தக்கலை வழக்கறிஞர்

தங்கைக்கு வாழ்த்துகள். முதலில் பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். மற்றதையெல்லாம் பிறகு யோசிக்கலாம். அந்த மூன்றாண்டுக் கணக்கு தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே தொடங்கும் என்று அதே தீர்ப்பு கூறுவதால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நட்டம். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தொழில் நடத்தத் தேவையான அகில இந்திய பார் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்.

குழித்துறையிலேயே தொடங்குங்கள் என்பதே என் கருத்து. நம் மாவட்டத்துச் சொத்து வழக்குகளில் கிடைக்கும் பயிற்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. தமிழ்நாட்டோடு இணைந்த 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ச் சட்டங்கள் பலவற்றின் கீழ் வாழ்ந்தவர்கள். 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பனார் இறந்தால் மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். கேரளத்தின் மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் செல்லாது, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்த்தது. அதனால் ஒரு பாகப்பிரிவினை வழக்குக் கட்டு மேசைக்கு வந்தால், தாத்தா இறந்த தேதி எது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். அந்த ஒரு தேதியைப் பொறுத்து அத்தைமாரின் பங்கே மாறிவிடும். இதை வகுப்பில் ஒரு பத்தியாகப் படித்திருப்பீர்கள். இங்கே அந்த அத்தையே எதிரில் உட்கார்ந்து தன் பங்கைக் கேட்பார்.

பணத்தைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. சேருவதற்கு முன்பே சீனியரிடம் மரியாதையாக, ஆனால் நேராகக் கேட்டுவிடுங்கள். நீதிபதித் தேர்வுக்கான அனுபவச் சான்றிதழைப் பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தர வேண்டும். நீதித்துறை அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். ஆகவே, கட்சிக்காரர் வழக்கறிஞரை நியமிக்கும் வக்காலத்துப் பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

பதில்: சட்ட ஆசிரியர், நாகர்கோவில்

நீதிபதித் தேர்வுக்கு எல்எல்எம் தேவையில்லை. உதவிப் பேராசிரியர் பணிக்குத்தான் அதுவும் நெட் எனப்படும் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஓராண்டிலேயே முடிக்கலாம், கிளாட் நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை. ஆனால் கட்டணம் அதிகம். அரசு சட்டக் கல்லூரிகளில் இரண்டாண்டு, செலவு குறைவு.

இருந்தாலும், பின்னாளில் மேற்படிப்புக்குப் போவதானால் கடல்சார் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2012 பிப்ரவரியில் என்ரிகா லெக்சி என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து சுடப்பட்டு இறந்த இரு மீனவர்களில் ஒருவர் நம் மாவட்டத்தவர். அந்த வழக்கு கேரள உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், பன்னாட்டு நடுவர் மன்றம் எனச் சுற்றி, 10 கோடி ரூபாய் இழப்பீட்டுடன் 2021-இல்தான் முடிவுக்கு வந்தது. இவ்வளவு நீண்ட கடற்கரை நமக்கு இருந்தும், விசைப்படகில் கப்பல் மோதினால் எந்த நீதிமன்றத்தில் என்ன கோர வேண்டும் என்று சொல்லக்கூடிய வழக்கறிஞர்கள் நம்மிடையே மிகச் சிலரே இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பதில்: வங்கிச் சட்ட அலுவலர், குளச்சல்

மாத வருமானம்தான் அவசரம் என்றால் வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐபிபிஎஸ் நடத்தும் சட்ட அலுவலர் தேர்வை எழுதலாம். சட்டப் பட்டமும் பார் கவுன்சில் பதிவும் போதும், வயது 20 முதல் 30 வரை. ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும், உங்கள் மூன்றாண்டுக் கணக்கும் அத்துடன் நின்றுவிடும்.

மேல்புறம் மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. குழித்துறை என்று முடிவு செய்துவிட்டேன். தக்கலை அண்ணனிடம் இன்னொன்று கேட்க வேண்டும். பழைய ஆவணங்கள் பல மலையாளத்தில் இருக்கின்றன. பேசினால் எனக்குப் புரியும், வாசிக்க வராது. ஆண்டும் கேரளத்து வழக்கமான கொல்லம் ஆண்டாக இருக்கிறது. என்ன செய்வது?

தக்கலை வழக்கறிஞர்

எழுத்துகளைச் சில வாரங்களில் பழகிவிடலாம். பேச்சு புரிவதால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்ததுதான். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் இறுதி வரையுள்ள தேதியானால் 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய உள்ள தேதியானால் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 1110 ஐப்பசி என்றால் 1934. 1110 மாசி என்றால் 1935. ஒற்றி (அனுபவ அடமான) ஆவணங்களில் இந்த ஓராண்டு தவறினால் காலவரம்பு பற்றிய வாதமே ஆட்டம் கண்டுவிடும். ஆகவே மனுவில் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே எழுதுங்கள்.