மலைபடுகடாம் வரைபடம்: செங்கம் வடதுருவத்துப் பக்கம் போய் விழுகிறது, உதவுங்க

காட்பாடி மாணவி:
வணக்கம். சங்கப் பாட்டான மலைபடுகடாத்து இடங்களை எக்செலில் பட்டியலிட்டு, சிஎஸ்வி (வெறும் எழுத்துக் கோப்பு) ஆக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினேன். செங்கம் 12.31, 78.79, பருவதமலை 12.43, 78.97. இரண்டும் நார்வேக்கு வடக்கே நிற்கின்றன. ஊர்ப்பெயரெல்லாம் வெறும் ????. செங்கத்தில் கையால் புள்ளி வைத்து 5 கி.மீ. வட்டத்துக்கு பஃபர் 5 என்று கொடுத்தால், தமிழ்நாடு முழுக்க மூடிக்கொள்கிறது. நன்னனிடம் கூத்தர் போன வழியைக் கோடாகவும் போட வேண்டும்.

நிலப்படம்:
அது ஸ்வால்பார்ட் தீவும்மா. எக்ஸ், ஒய் மாறியிருக்கு. எக்ஸில் தீர்க்கரேகை (78.79), ஒய்யில் அட்சரேகை (12.31), ஆள்கூற்று முறை இபிஎஸ்ஜி 4326 (பாகைக் கணக்கு). அடுக்கை நீக்கிட்டு மறுபடி ஏற்றுங்க.

???? வந்த சிஎஸ்வியைத் தூக்கிப் போடுங்க, அதில் தமிழ் எழுத்தே போயாச்சு. மூல எக்செல் கோப்பைத் திறந்து ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று சேமிக்கணும்.

பஃபர் 5 என்றது 5 பாகை, அதாவது ஏறக்குறைய 550 கி.மீ. அடுக்கை மீட்டர் கணக்கான இபிஎஸ்ஜி 32644க்கு மாற்றி 5000 மீட்டர் கொடுங்க.

பாட்டுரை:
கோடு போடுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊரான செங்கண்மா (செங்கம்), சேயாறு, நவிர மலை மூன்றுக்கும் இன்று இடம் காட்டலாம். நவிரம் பருவதமலை என்பது பெரும்பாலோர் கொள்கை. நடுவில் வரும் குறவர் குடிக்கும் ஆயர் குடிக்கும் ஊர்ப்பெயரே கிடையாது. பாட்டு முன்பின் சொல்கிறது, தொலைவு சொல்லவில்லை. புள்ளிகளைக் கோடாக இணைக்கும் ‘பாயிண்ட்ஸ் டு பாத்’ கொடுத்தால் நேர்கோடு விழும். பார்ப்பவர் அதைச் சாலை என்றே நம்பிவிடுவார். அட்டவணையில் ‘அடி எண்’ (1 முதல் 583), ‘துல்லியம்’ (உறுதி, உத்தேசம், இடமில்லை) என்று இரண்டு பத்தி சேருங்கள். உத்தேசத்துக்குப் புள்ளி வேண்டாம், பரப்பாக வரையுங்கள். இடமில்லாதது அட்டவணையோடு நிற்கட்டும். சேயாற்றை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து குயிக்ஓஎஸ்எம் என்ற செருகுநிரலில் இறக்கலாம். இன்றைய பெயர் செய்யாறு.

காட்பாடி மாணவி:
புள்ளிகள் சரியாகிவிட்டன, நன்றிங்க. அடியில் வட ஆற்காட்டுப் பழைய சர்வே தாளை விரித்தால் ஊர்களெல்லாம் நாலு கி.மீ.க்கு மேல் கிழக்கே தள்ளி இருக்கின்றன. தாளை நிலத்தோடு பொருத்த வைத்த கட்டுப்புள்ளி நாலும் தாளின் மூலைக் கட்டங்கள்தான்.

நிலப்படம்:
அங்கேதான் சிக்கல். பழைய தாள்கள் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையை 80°17′21″ என்று வைத்தவை. பின்னால் அது 80°14′54″ ஆனது. அந்த 2′27″ வித்தியாசம் இந்தப் பக்கத்தில் சுமார் 4.4 கி.மீ. தாளின் ஓரத்தில் திருத்தக் குறிப்பு இருக்கான்னு பாருங்க. இருந்தால் தீர்க்கரேகையில் அதைக் கழிச்சுடுங்க. இல்லாட்டி மூலையை விட்டுட்டு, கோயில், கோட்டை என்று இடம் மாறாதவற்றில் ஆறேழு புள்ளி வையுங்க. ஆற்று வளைவு வேண்டாம், அது நகரும்.