‘ஆஃப் லிமிட்ஸ்’ என்றால் எல்லையற்றதா?

கேள்வி (மார்த்தாண்டம்):
ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் தாய், அப்பாவின் அறை ‘ஆஃப் லிமிட்ஸ்’ என்று பிள்ளைகளிடம் சொல்கிறாள். ‘எல்லையற்றது’ என்று எழுதிப் படித்துப் பார்த்தால் பொருள் தலைகீழாக நிற்கிறது. ‘தடைசெய்யப்பட்ட பகுதி’ என்று மாற்றினால் காவல்துறை அறிவிப்பைப் போல் ஒலிக்கிறது. பொருத்தமான தமிழ் எது?

பதில் (நாகர்கோவில்):
நீங்கள் முதலில் எழுதியது ‘நோ லிமிட்ஸ்’ என்பதன் பொருள். நடமாடலாம் என்று விட்டிருக்கும் பரப்புக்கு அப்பால் இருப்பதே ‘ஆஃப் லிமிட்ஸ்’. இது அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் பள்ளிகளிலும் படைமுகாம்களிலும் இதே பொருளில் ‘அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்’ என்பார்கள். இடத்துக்கு மட்டுமல்லாமல், பேசக் கூடாத பேச்சுக்கும் தொடக் கூடாத பொருளுக்கும் இது வரும். நம் ஊர்ப் பலகைகள் சிலவற்றில் காணும் ‘ஆஃப் லிமிட்’ பிழை. கடைசி ‘ஸ்’ அவசியம்.

பதில் (குளச்சல்):
இத்தொடரோடு ‘டு’ சேர்ந்தால் யாருக்குத் தடை என்பது தெளிவாகும். நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை கடல் விசைப்படகுகளுக்கு ‘ஆஃப் லிமிட்ஸ்’; அதே நாள்களில் வள்ளம் எனும் நாட்டுப்படகு வைத்திருப்பவர் வலையோடு போய்வருவார். கன்னியாகுமரியை அடுத்த சின்னமுட்டம் துறைமுகத்திலோ கிழக்குக் கடற்கரைக் கணக்குப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. ஆக, ஜூன் முதல் இரு வாரங்களில் மட்டுமே கன்னியாகுமரி மாவட்டத்தின் இரு பக்கமும் விசைப்படகுகள் கரையில் நிற்கும்.

பதில் (தக்கலை):
மூடியிருப்பதெல்லாம் ‘ஆஃப் லிமிட்ஸ்’ ஆகிவிடாது. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அது வெறும் ‘க்ளோஸ்டு’. மற்ற நாள்களில் உள்ளே போன பிறகும் ஓர் அறையின் குறுக்கே கயிறு கட்டியிருந்தால், அந்த அறைதான் ‘ஆஃப் லிமிட்ஸ்’.

‘விலக்கு’ என்று எழுதும் ஆசை உங்களுக்கு வரக்கூடும், எனக்கும் வந்ததுண்டு. ஆனால் மதுவிலக்கில் தடையைக் குறிக்கும் அதே சொல், வரிவிலக்கில் சலுகையாகிவிடுகிறது. பேருந்து நடத்துநர் வாயிலோ பிரதான சாலையிலிருந்து பிரியும் வழியாகிறது. பெயர்ச்சொல்லைத் தேடாமல், தாய் பிள்ளைகளிடம் பேசுவது போலவே வினையால் சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. ‘அப்பா அறைக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது’ என்று மாற்றிவிட்டேன். மாமாவின் பழைய நீதிமன்ற வழக்கு ‘ஆஃப் லிமிட்ஸ்’ என்று பின்னால் ஓரிடத்தில் வருகிறது. அங்கே, ‘அந்தப் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது’.